மீதிப் பாதி

துவைக்கிற எந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குலுக்குக் குலுங்கிவிட்டு நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது. சீனியம்மாள் பொது அறையின் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அழுக்குத் துணிகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்ததில் ஒன்றைத் தவிர மற்றதை எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினாள். மைதா, சீனி, நேற்றே மிக்சியில் பொடித்து வைத்த வாதுமைப் பருப்பு, முட்டை, ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த முறுக்குக் குழல், கடைசியில் வெண்ணெய். வெண்ணெய் கல்லாக இருந்தது. இளகட்டும். இந்த ஸ்வீடன் தேசத்தில் வெண்ணெயும் சரி, மனிதர்களும் சரி, இளகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், இளகிவிட்டால் பிறகு ஒன்றும் இல்லை. மூன்று மாடிக்கு மேலே மருமகள் எலின் இரவு வேலை முடித்து வந்து தூங்குகிறாள். மகன் கதிரேசன் அலுவலகம் போய்விட்டான். அத்தை துணி துவைக்கக் கீழே போயிருக்கிறாள் என்பதுதான் வீட்டுக்குத் தெரிந்த சங்கதி. துணியும் துவைபடத்தான் செய்கிறது, அதில் ஒன்றும் பொய் இல்லை. இந்தக் குடியிருப்பில் துவைக்கிற அறைக்கு முறை வைத்துச் சாவி கொடுக்கிறார்கள். அதே சாவி, பிறந்தநாளுக்கும் கூட்டத்துக்கும் வைத்திருக்கிற இந்தப் பொது அறையையும் திறக்கும் என்று வந்த வாரமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். கோடியில் ஒரு சின்ன அடுப்படி, கண்ணாடிக் கதவு போட்ட ஓவன். மேலே வீட்டில் இதைவிட நல்ல அடுப்படி இருக்கிறது. ஆனால் மேலே செய்யக் கூடாது. செய்யக் கூடாது என்று சொன்னவளே இவள்தான்.

சொன்னதில் தப்பில்லை. இதை அவள் மனசுக்குள் எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும் அது ஜீரணமாகாத சோறு மாதிரி நெஞ்சிலேயே நின்றது. சொன்னதில் தப்பில்லை, சாத்தூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் பலகாரம் சுடக் கூடாது. எலினின் அம்மா குனில்லா, சீனியம்மாளுக்குச் சம்பந்தி, இலை உதிர்கிற மாசத்தில் போய்விட்டாள். கல்யாணம் சாத்தூரில் நடந்தபோது இடுப்பெலும்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தாள் என்று அவளால் வர முடியவில்லை. அடுத்த வருஷம் போகலாம், அதற்கடுத்த வருஷம் போகலாம் என்று சீனியம்மாளும் தள்ளிப்போட்டாள். போன் திரையில் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டதோடு சரி. உயிரோடு இருந்தபோது வந்து பார்க்காதவள், துக்கம் கேட்கத்தான் விமானம் ஏறினாள். வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம், சாயங்காலம் என்றா சொல்வது, மதியச் சோறு செரிக்கும் முன்னே இருட்டிவிடுகிறது, எலின் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு வெள்ளை அலுமினியக் குழலை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவின் குழல். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அம்மாவும் மகளும் அதில் வெண்ணெய் மாவைப் போட்டுப் பிழிந்து பலகாரம் செய்வார்களாம். ஸ்ப்ரிட்ஸ் என்று அதற்குப் பேர், சொன்னாலே எதிராளி முகத்தில் எச்சில் தெறிக்கிற பேர். சீனியம்மாள் அதைப் பார்த்தாள். அடடா, இந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லையே. மகனைக் கூப்பிட்டாள், சொன்னாள், அவன் எலினிடம் அவள் பாஷையில் சொன்னான். எலின் குழலைத் துண்டில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண் மரியாதையாக நடந்துகொள்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் அத்தே அத்தே என்று கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டும். இப்போது காப்பியை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அந்த வழக்கம் பொருந்தாது, அது ஆண்பிள்ளை வீட்டுக்குத்தான் என்று ஊரில் வாதாடுபவர்களும் உண்டு. அது சீனியம்மாளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள். குனில்லாவுக்கு எலினை விட்டால் வேறு யார், இவள்தான் மகன், இவள்தான் மகள், இவள் வீடுதான் சாவு வீடு என்று எலினுக்கு ஒரு இடம் கொடுத்தல்லவா சொன்னாள். உன் அம்மாவை நான் என் உறவு மாதிரியே வைத்துத் துக்கம் காக்கிறேன் என்றல்லவா அதற்கு அர்த்தம். அது போய்ச் சேர்ந்தது வேறு மாதிரி. நேற்று ராத்திரி கதிரேசன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

“டேய், அன்னைக்கு நான் சொன்னதை அவகிட்ட முழுசாச் சொன்னியா?”

“சொன்னேம்மா. இந்த வருசம் வீட்டுல பலகாரம் செய்யக் கூடாதுன்னு சொன்னேன்.”

“அது பாதி. மீதிப் பாதி?”

“எந்தப் பாதி?”

“வீட்டுல சுடக் கூடாது, சொந்தபந்தம் சுட்டுக் கொண்டாந்து குடுக்கணும். அதைச் சொன்னியா இல்லியாடா?”

அவன் தண்ணீர்க் குழாயை மூடினான். “விட்டுப்போச்சும்மா. இங்க யாரு இருக்கா கொண்டாந்து குடுக்க? வேணும்னா இப்பப் போய்ச் சொல்லட்டுமா?”

“நீ சொன்ன லட்சணம் போதும்,” என்றாள்.

இங்கே யாரு இருக்கா. ராத்திரி முழுக்க அந்த வார்த்தை காதுக்குள் கொசுவாகச் சுற்றியது. இங்கே யாரு இருக்கா என்று கேட்கிறானே, போர்த்திக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருக்கிறவள் யாராம், வாடகைக்கு வந்தவளா? சம்பந்தி செத்தால் சம்பந்திதான் பலகாரத் தட்டோடு படியேற வேண்டும். அது பாசம் இல்லை, கடமை. கடமையில் பாசமும் இருந்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? அவள் செய்து கொடுக்காத வரைக்கும் அந்த வழக்கம் பாதியிலேயே நிற்கிறது. பாதியில் நிற்கிற வழக்கம் வெறும் தடைதான். துக்கம் கேட்க வந்தவள் அந்தப் பெண்ணின் வாயையும் கையையும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிப்போயிற்று. இன்றைக்கு மீதிப் பாதியைச் சொல்லிவிடுவது. வாயால் சொல்ல பாஷை இல்லை, கையால் சொல்ல யார் துணையும் வேண்டாம்.

விரலால் அழுத்திப் பார்த்தாள். வெண்ணெய் குழிந்தது. சீனியைக் கொட்டித் தேய்க்கத் தொடங்கினாள். உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் வெளுத்து மெத்தென்று வந்தது. பக்குவம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாக்குதான். கல்யாணம் முடிந்த முதல் கிறிஸ்துமஸுக்குக் குனில்லா ஒரு தகர டப்பா நிறைய இந்தப் பலகாரத்தைத் தபாலில் சாத்தூருக்கு அனுப்பியிருந்தாள். மூடியில் சிவப்புக் குதிரை போட்ட டப்பா. எந்தெந்த ஊரில் யார் யார் அதைத் தூக்கி எறிந்தார்களோ, மூலை நசுங்கி, திறந்தால் உள்ளே ஒரு பலகாரம்கூட முழுசாக இல்லை, அத்தனையும் பொடி. சம்பந்தியம்மா அனுப்பியதைக் கீழே போட மனசு வருமா? ஸ்பூனால் அள்ளி அள்ளித் தின்றாள் சீனியம்மாள், ஒரு வாரம், மதியம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. மணல் மணலாக, வாயில் போட்டதும் கரைந்து, வெண்ணெய் வாசம் மூக்கு வரை ஏறி, ஓரத்தில் வாதுமையின் ஒரு சின்னக் கசப்பு. அதனால் இந்தப் பலகாரத்தின் ருசி அவளுக்கு அத்துப்படி, உருவம்தான் கண்ணால் கண்டதில்லை, அன்றைக்குக் குழலைத் துடைத்தபோது எலின் விரலால் ஒரு வளையம் போட்டுக் காட்டியதோடு சரி. யானையைத் தடவிப் பார்த்த குருடர்களாவது ஆளுக்கு ஒரு காலோ காதோ பார்த்தார்கள், இவள் பார்த்தது யானையின் தூசியை. மாவில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் பருப்புப் பொடி. தோலோடு பொடித்தது நல்லதாகப் போயிற்று, அந்தக் கசப்பு கிட்டத்தட்ட வந்துவிட்டது. இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தில் ஏலக்காய் இருந்தது. கை தன்னால் அங்கே போனது. ரெண்டே ரெண்டு தட்டிப் போட்டால் எப்படி மணக்கும். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள். ஏலக்காய் போட்டால் இது சீனியம்மாளின் பலகாரம். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது குனில்லாவுடையது.

குழலில் நட்சத்திர அச்சைப் போட்டு மாவை அடைத்தாள். தட்டில் ஒரு துண்டு வெண்ணெயை எடுத்து வழவழவென்று தடவினாள். இட்லித் தட்டோ இடியாப்பத் தட்டோ, எண்ணெய் தடவாமல் மாவு வைத்த சரித்திரமே அவளுக்குக் கிடையாது. குழலை அழுத்தினாள். மாவு அழகாக முள் முள்ளாக இறங்கியது, ஆனால் தட்டில் உட்கார மாட்டேன் என்றது. குழல் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போனது. தூக்கினால் கூடவே எழுந்து வந்தது. ஏன்? மாவு சரியில்லையா, அச்சு சரியில்லையா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எப்படியோ விரலால் பிடித்து நிறுத்திப் பிழிந்து முடித்துப் பார்த்தால் தட்டு முழுக்க முறுக்கு. வட்டம் போடும்மா என்றால் அவள் கை வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம் என்று பழக்க தோஷத்தில் சுற்றித் தள்ளியிருந்தது. சிரிப்பு வந்தது. சரி, வேகட்டும் என்று உள்ளே தள்ளி முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஓவனுக்குள் விளக்கு எரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. எண்ணெய்ச் சட்டி பேசும். முதலில் சளசளவென்று கத்தும், குரல் இறங்க இறங்க வெந்துவிட்டது என்று அர்த்தம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால்கூடத் தெரியும். இது ஊமை அடுப்பு. ஊமையும் ஊமையும் பேசிக்கொள்கிற வீடு மேலே இருக்கிறது, இங்கேயுமா. எலின் இதை எடுத்துக்கொள்ளாவிட்டால்? அன்றைக்கு வேண்டாம் என்றவள் இன்றைக்குத் தானே செய்து கொண்டுவருகிறாளே, இந்தக் கிழவிக்கு என்ன நோக்கம் என்று நினைத்துவிட்டால்? என் அம்மாவின் பலகாரத்தைச் செய்ய நீ யார் என்று கேட்டால்? கேட்க மாட்டாள், அதுதான் பயம். நன்றி சொல்லி வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கருகல் வாடை சுரீரென்று மூக்கில் ஏறியது. பதறி எழுந்தாள். முறுக்கெல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாக, ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. கூரையில் இருந்த வெள்ளை வட்டம், புகை பட்டால் அலறுகிற சாதி. துண்டை எடுத்து அதன் முன்னால் ஒரு கோவில் விசிறியே வீசிவிட்டாள். அது அலறவில்லை. எந்தச் சாமி காப்பாற்றியதோ. பாளத்தின் நடுவே தப்பித்திருந்த ரெண்டு மூன்று சுருளை மட்டும் பிய்த்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

இன்னும் பாதி மாவு இருந்தது. விட்டுவிட்டு மேலே போய்விடலாம், துணியைக் காயப்போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. இங்கே யாரு இருக்கா என்ற குரல் திரும்பவும் வந்தது. இருக்கேன்டா என்று வாய்விட்டே சொன்னாள், அந்த வெற்று அறையில் அது நன்றாகக் கேட்டது. தட்டை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத்தான் உறைத்தது, அடி கூறுகெட்டவளே, தட்டு பிடித்தால்தானே மாவு குழலை விடும்! மாவுக்குள்ளேயே வேண்டிய மட்டும் வெண்ணெய் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் எதற்கு, கொஞ்சம் ஒட்டட்டும். வறட்டுத் தட்டில் பிழிந்தாள். முதல் வளையம் பிடித்த பிடியில் உட்கார்ந்தது, முள் ஒன்று கலையவில்லை. ஒரே ஒரு சுற்று, அங்கேயே நிறுத்து, கையே, நிறுத்து. அடுத்தது, அதற்கடுத்தது. ஆனால் பக்கத்து அறையில் துணி உலர்த்துகிற எந்திரங்களின் சூடு சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது, மாவு தளர்ந்து மினுமினுத்தது, இப்படியே உள்ளே தள்ளினால் மறுபடியும் பாளம். குளிர வைக்க வேண்டும். குளிருக்கா இந்த ஊரில் பஞ்சம்? தோளில் கிடந்த போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தட்டைத் தூக்கிப்போய், பின்வாசல் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, படியில் கிடந்த பனிமேல் வைத்தாள். மூச்சு புகையாக வந்தது. அப்போதுதான் அந்தக் காக்காய் வந்தது. நம் ஊர்க் காக்காய் மாதிரியே, கழுத்தில் சாம்பல் நிறம், கொஞ்சம் குள்ளம். தத்தித் தத்தி வந்து தட்டை ஒரு கண்ணால் பார்த்தது. “சூ!” என்று கையை ஓங்கியவள், ஓங்கிய கையை அப்படியே இறக்கினாள். அது ஒரு வளையத்தைக் கொத்தி எடுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பச்சை மாவு தாயி, வயித்துக்கு ஆகாது, வெந்ததும் வந்திருக்கலாம்ல என்று சீனியம்மாள் அதன் முதுகைப் பார்த்துச் சொன்னாள். ஒரு தரமாவது வந்து உன்னோடு உட்கார்ந்து காப்பி குடித்திருக்கலாம் குனில்லா. குடிக்கவில்லை. அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, இதற்குச் செய்யலாம். தட்டின் அடி விரலைக் கடிக்கிற மாதிரி சில்லிட்டதும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

இந்தத் தடவை ஓவனை விட்டு அசையவில்லை. ஊமைதான், ஆனால் வாசனை இருக்கிறதே. முதலில் பச்சை மாவு, பிறகு காய்ச்சின பால், பிறகு சட்டென்று ஒரு வாதுமை மணம் அறை முழுக்கப் பரவியது, சாத்தூரில் யாரும் இல்லாத மதியங்களில் ஸ்பூனுக்கு மேலே எழுந்த அதே மணம். எடுத்துவிட்டாள். பொன்னிறத்தில் வளையங்கள், முள்ளெல்லாம் நின்றது. ஆறட்டும் என்றுகூடப் பொறுக்காமல் ஒன்றைக் கடித்தாள், நாக்கு சுட்டது, சுட்டாலும் சரி, அதுதான். பிறகு துணி கொண்டுவந்த மூட்டையின் அடியிலிருந்து மீதியிருந்த அந்த ஒன்றையும் எடுத்தாள். மூடியில் சிவப்புக் குதிரை. ஏனத்தில் ஒருத்தர் பண்டம் கொடுத்துவிட்டால் அதை வெறும் ஏனமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. சாத்தூர்ச் சேவு போட்டுக் கொண்டுபோய்க் குனில்லா கையிலேயே கொடுக்க வேண்டும் என்று அந்த டப்பாவைக் கழுவிக் காயவைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். கொடுக்கிற கை இருந்தது, வாங்குகிற கை போய்விட்டது. அதனால் பெட்டியின் அடியிலேயே கிடந்தது. வளையங்களை அடுக்கினாள். மேலாக ஒரு இடம் காலியாக இருந்தது. கறுக்காமல் தப்பித்த அந்த ரெண்டு மூன்று முறுக்குச் சுருளையும் வைத்து மூடினாள்.

மூன்று மாடி. லிஃப்டில் போகவில்லை, படியேறித்தான் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். சாவி இடுப்பில் இருந்தது. எடுக்கவில்லை. வெளியிலிருந்து வருகிறவள் மணியைத்தான் அடிப்பாள். அடித்தாள். உள்ளே காலடி, தாழ் விலகும் சத்தம். தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, எலின் நின்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிதான்.

“அத்தே? சாவி...?”

“நான் அத்தையா வரலை தாயி,” என்றாள் சீனியம்மாள். “சம்பந்தியா வந்திருக்கேன். சம்பந்தி. குனில்லாவுக்கு.”

சம்பந்தி என்ற சொல் எலினுக்குத் தெரியும். அவள் பாஷையில் அந்த உறவுக்குப் பேர் கிடையாதாம், அதனால் குனில்லாவுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை, திரையில் வரும்போதெல்லாம் சம்பந்தீ என்று இழுத்துக் கூப்பிடுவாள். எலின் சீனியம்மாளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். பார்த்ததும் அசையாமல் நின்றுவிட்டாள். அம்மாவின் டப்பா. நசுங்கிய மூலையை விரலால் தொட்டாள். மூடியைத் திறந்தாள். வாசனை முதலில் வெளியே வந்தது. அவள் உதடு கோணியது. அந்த வளையங்களை எல்லாம் விட்டுவிட்டு மேலே கிடந்த முறுக்குச் சுருளை எடுத்தாள், இது என்ன என்பது போல் தூக்கிக் காட்டி ஒரு சிரிப்புச் சிரித்தாள், சிரித்தபடியே கடித்தாள். மெல்லுவது பாதியில் நின்றது. “மம்மா,” என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. டப்பாவோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டாள் சீனியம்மாள், வாசல் படிக்கு வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தி. அழுதால் அழட்டும், வந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை அழுது அவள் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து எலின் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. துண்டில் சுற்றிய அலுமினியக் குழலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். வீட்டுக்குள்ளே ஒரு பார்வை, படிக்கட்டில் ஒரு பார்வை.

“மேலே... இல்லை,” என்றாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி. “அத்தே. கீழே?”

சீனியம்மாளுக்குத் திக்கென்றது. துக்கக்காரி தானே மாவு பிழியலாமா? வேறு வீட்டு அடுப்பு என்றால் ஆகுமா? ஊரில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? வழக்கத்துக்கு ஒரு பாதி உண்டு, மீதிப் பாதியும் உண்டு, அதற்கு மேல் மூன்றாவது பாதி என்று ஒன்று இருக்க முடியாது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

“ஆமா, கீழதான்,” என்றாள். “வா. துணியும் எடுக்கணும்.”

எலின் வெறுங்காலோடு செருப்பைத் தேடினாள். முன்பு போலவே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். படியிறங்கும்போது சீனியம்மாள் சொல்லிக்கொண்டே போனாள், புரிகிறதோ இல்லையோ, சொல்ல வேண்டியதை இந்தத் தடவை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று.

“தட்டுல மட்டும் வெண்ணெய் தடவிராத தாயி. கொஞ்சம் ஒட்டட்டும்.”